கிளியர் என்று நான் எழுதிய சொல்

எழுதுவது என் தொழில் என்று சொன்னால், கதையா கவிதையா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை. மென்பொருளுக்குக் குறிப்பு எழுதுகிறேன். முன்பெல்லாம் நான் எழுதியதை மனிதர்கள் படிக்காமல் விட்டார்கள். இப்போது ஏஐ ஏஜெண்ட் படிக்கிறது, ஓர் எழுத்து விடாமல். அதுதான் வினையாகப் போயிற்று.

ஏஜெண்ட் என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. நாம் வாய்க்கு வந்தபடி சொல்வதைக் கேட்டு, மென்பொருளுக்குள் போய்த் தானே வேலையை முடிக்கும். அதற்குச் சில டூல்கள் கொடுத்திருப்போம். ஒரு டூல் நேரம் பதியும், ஒரு டூல் நினைவூட்டல் அனுப்பும், ஒரு டூல் அழிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், கீழே ஒரு குறிப்பு. அதைப் படித்துத்தான் எதை எடுப்பது என்று அது முடிவு செய்யும். அந்தக் குறிப்பை எழுதுகிறவள் நான்.

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் ஒரு பிசியோதெரபி கிளினிக் எங்கள் நிறுவனத்தின் முன்பதிவு மென்பொருளை வாங்கியது. அங்கே கவுண்டரில் இருந்த அக்கா பதினோரு வருடமாக அதே நாற்காலியில் இருப்பவர். மூட்டு அறுவை செய்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் என்று யார் எத்தனை நாளாகக் காத்திருக்கிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. ஏஜெண்டிடம் தமிழிலேயே சொல்லலாம் என்று தெரிந்ததும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

காத்திருப்போர் பட்டியலை மொத்தமாக அழிக்கும் டூலுக்கு நான் ஏழு வரி எழுதியிருந்தேன். அழித்தால் திரும்ப வராது. அழிக்கும் முன் எத்தனை பெயர் போகும் என்று சொல். பயனர் ‘அழி’ என்று தெளிவாகச் சொன்னாலொழியச் செய்யாதே. என் மேலாளர் அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ரொம்ப நீளம் லா. ஏஜெண்ட் ஸ்மார்ட், அதுக்கே புரியும். ஒரு லைன் போதும்.”

“புரியாட்டி?”

“நீங்க எப்பவும் இப்படித்தான்.”

ஆறு வரி போயிற்று. ‘வெயிட்டிங் லிஸ்ட்டைக் கிளியர் செய்யும்’ என்ற ஒரு வரிதான் மிச்சம். அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகும் புக்கிட் பாஞ்சாங் பஸ்ஸில் ஏறினேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தக் கிளினிக்கில் புதிதாக ஒரு சிகிச்சையாளர் சேர்ந்தார். அவர் நேரம் முழுக்கக் காலி. அக்கா ஆசையாக ஏஜெண்டுக்குத் தட்டினார்: “புதுசா ஆள் வந்துட்டாங்க. வெயிட்டிங் லிஸ்ட்ட இன்னைக்கே கிளியர் பண்ணிடு.” அது டூல்களைப் பார்த்தது. ‘கிளியர் வெயிட்டிங் லிஸ்ட்’ என்று ஒன்று இருந்தது. எடுத்தது, செய்தது, முடிந்தது என்று பதிலும் போட்டது. அக்கா அதற்கு நன்றி சொல்லியிருக்கிறார்.

இந்த ஊரில் நாம் எதைத்தான் கிளியர் பண்ணுவதில்லை? சாப்பிட்ட தட்டைக் கிளியர் பண்ணுகிறோம், மிச்ச லீவைக் கிளியர் பண்ணுகிறோம். வரிசையைக் கிளியர் பண்ணு என்றால், நிற்கிறவர்களைத் துரத்திவிடு என்றா பொருள்? ஒவ்வொருவரையும் கவனித்து அனுப்பு என்று பொருள். அக்கா சொன்னது அதைத்தான். மறுநாள் காலை பட்டியல் வெறுமையாக இருந்தது. நோயாளிகளின் கோப்புகளுக்கெல்லாம் பேக்கப் இருந்தது. காத்திருப்போர் பட்டியல் தற்காலிகச் சமாச்சாரம்தானே என்று அதற்கு மட்டும் யாரும் வைக்கவில்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. அக்காவின் வேலை ஒப்பந்தம் அந்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டியது. கிளினிக் நிர்வாகம் எங்களிடம் அறிக்கை கேட்டது. தவறு யாருடையது என்று அதில் வரும் வரியைப் பொறுத்துத்தான் அவர் கதி. மேலாளர் என் மேசைக்கு வந்து சாவகாசமாகச் சொன்னார்.

“யூசர் எரர்னு போட்டுடுங்க. அவங்கதானே டைப் பண்ணாங்க.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நேரே கிளினிக்குக்குப் போனேன்.

அக்கா கைப்பேசியின் பழைய அழைப்புகளைப் பார்த்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் ஒரு நோட்டு. பெயர் கிடைத்தாலும் யார் முன்னால், யார் பின்னால் என்று தெரியவில்லை. மூன்று மாதம் காத்திருந்தவரும் போன வாரம் வந்தவரும் நான்தான் முதல் என்றார்கள்.

“நான் என்னம்மா தப்பாச் சொன்னேன்?” என்று கேட்டார். “தினமும் அப்படித்தானே சொல்றோம்.”

“நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லலக்கா. யார் பண்ணின தப்புன்னு எனக்குத் தெரியும். எழுதித் தர்றேன் பாருங்க.”

அலுவலகம் திரும்பியதும் குறிப்பின் பழைய வடிவங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். மேலாளர் வெட்டிய ஆறு வரியையும் தேதியோடு எடுத்து அறிக்கையில் ஒட்டி, அவர் முகத்தில் கரி பூசவேண்டும் என்று வெறி. வெட்டிய இடம் கிடைத்தது. அதற்கும் முந்தைய வடிவத்தையும் திறந்தேன். அங்கே டூலின் பெயர் வேறாக இருந்தது. நிரலாளர் வைத்த பெயர் ‘டெலிட் வெயிட்டிங் லிஸ்ட்’. அதை ‘கிளியர்’ என்று மாற்றியது யார் என்று பார்த்தால், நான். பக்கத்தில் காரணமும் என் கைப்பட: டெலிட் என்றால் ஊழியர்கள் பயந்துவிடுவார்கள்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என் கணவர் சொல்வது சரிதான். இரண்டு வாரமாக அடுத்தவரைத் திட்டிக்கொண்டிருந்தேன், எழுதியது என் கை. டெலிட் என்றே விட்டிருந்தால், ஏழு வரி இல்லாமலும் அது அந்த டூலைத் தொட்டிருக்காது.

அறிக்கையில் இரண்டையும் எழுதினேன். பெயரை மாற்றியவள் நான், எச்சரிக்கையை வெட்டியது மேலாளர், பயனர் மீது தவறில்லை. மேலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் தடுக்கவில்லை. அறிக்கை போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் அக்காவைப் பார்க்கப் போனேன்.

“மூணு மாசம் தந்திருக்காங்க,” என்றார். “எப்பவும் ரெண்டு வருஷம் போடுவாங்க. பார்த்துட்டுச் சொல்றாங்களாம்.”

நான் எழுதியதைப் படித்தார்களா இல்லையா என்று தெரியவில்லை. அக்காவிடம் மறைக்க மனம் வரவில்லை. முழுவதையும் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தேன், படவில்லை.

“அப்ப முதல்ல டெலிட்னே இருந்துச்சா?”

“ஆமாக்கா. நீங்கள்லாம் பயந்துடுவீங்கன்னு நான்தான் மாத்தினேன்.”

அவர் நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

“நான் அந்தப் பேரைப் பார்க்கவே இல்லையேம்மா,” என்றார். “அந்த ஏஜெண்ட் மட்டும்தானே பார்த்துச்சு.”