விலை சொல்லாத வெர்லின்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அந்த வட்டாரத்தில் பழைய டிராக்டருக்கு விலை சொல்ல வெர்லின் ஹௌகனை விட்டால் ஆள் கிடையாது. காலமெல்லாம் மெக்கானிக்காக இருந்தவர். கொட்டகைக்குள் நுழைவார், வரிசை எண் தகட்டைத் துடைத்துப் படிப்பார், கைப்பிடியைப் போட்டு எஞ்சினைச் சுழற்றிப் பார்ப்பார். கொடுத்த காப்பி ஆறுவதற்குள் விலை வந்துவிடும். தாட்சண்யமே கிடையாது. சொந்த மச்சானின் வண்டியையே காயலான் கடைக்குப் போடச் சொன்னவர்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஆர்டிஸின் டிராக்டரை மதிப்பிட மட்டும் வசந்தம் முழுக்கப் போதவில்லை. ஆர்டிஸ் கணவரை இழந்தவர். அவருடைய அப்பா வாங்கிய சிவப்பு டிராக்டர் அது. விலை தெரிந்ததும் அதை ஏலத்தில் விட்டுவிட்டு அரிசோனாவில் மகளோடு போய் இருப்பதாக ஏற்பாடு. விலையைச் சொன்னால் ஆர்டிஸ் போய்விடுவார். வெர்லினுக்கு நாக்கு எழவில்லை. ஒரு சனிக்கிழமை டயர், அடுத்த சனிக்கிழமை கார்புரேட்டர் என்று இழுத்தடித்தார். ஒவ்வொரு முறையும் ஆர்டிஸ் சுட்டுவைத்த ‘ஆப்பிள் பை’ பலகாரத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு, விசிலடித்துக்கொண்டே வீடு திரும்பினார். எழுபதை நெருங்கும் வயதில் தினமும் சவரம் வேறு. தானியக் கிடங்கில் காப்பிக்குக் கூடும் கும்பல் சும்மா விடுமா? அந்த எஞ்சின் பெட்ரோலில் ஓடுகிறதா, ஆப்பிளில் ஓடுகிறதா என்று கேட்டுச் சிரித்தது.

உண்மையில் முதல் நாளே அவருக்கு விலை தெரியும். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட், ஆர்டிஸின் அப்பா பூட்ஸ் உரசித் தேய்ந்த இடம் உட்பட, அப்படியே இருந்தது. சேகரிப்பவர்கள் அதற்குத்தான் பணத்தைக் கொட்டுவார்கள். மேலே புதுப் பெயிண்ட் அடித்தால் பாதி விலை போச்சு. அங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் அது தெரியும்.

ஆர்டிஸின் மகள் போனில் நெருக்கவே, இனியும் மறைப்பது பாவம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு போனார் வெர்லின். கொட்டகைக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். டிராக்டர் மஞ்சளாக ஜொலித்தது. சமையலறைச் சுவருக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள். சக்கரம், இருக்கை, எண் தகடு, ஒன்றும் தப்பவில்லை. மூக்கிலும் மஞ்சளோடு, பிரஷ்ஷும் கையுமாக நின்றார் ஆர்டிஸ்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க, ஆர்டிஸ்? இனிமே இதை எவன் வாங்குவான்?"

"ஒருத்தனும் வாங்கமாட்டான். அது தெரியாமலா அடிச்சேன்? நானும் இந்த ஊர்க்காரிதான்."

வெர்லினுக்குக் காது வரை சிவந்துவிட்டது. பக்கத்துச் சக்கரத்தில் சாய்ந்தார். பெயிண்ட் காயவில்லை என்பது முதுகில் ஈரம் பட்ட பிறகுதான் உறைத்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"எல்லாத்தையும் மறுபடி முதல்லேர்ந்து பார்க்கணுமே," என்றார்.

"எவ்வளவு நாளாகும்?"

"நான் இருக்கிற வரைக்கும் ஆகும்போல."

"அப்போ அதை என் பொண்ணுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க," என்றார் ஆர்டிஸ்.