தண்டவாளத்தில் யாரோ

ஈலி ஊர்க்காரர்கள் லண்டனுக்கு வேலைக்குப் போய்வரும் ரயிலில் தினமும் அதே பெட்டியில், அதே இருக்கையில் உட்காருவார்கள். பக்கத்தில் இருப்பவரின் பெயரை மட்டும் கேட்கமாட்டார்கள். கேட்டால் தலை போய்விடும் போலிருக்கிறது. ரோவீனா செட்செல்லும் அப்படித்தான். எதிரே வருடக்கணக்காக உட்காரும் பச்சை ஸ்கார்ஃப் மனிதருக்கு ஒரு தலையசைப்பு, அதோடு சரி.

மாலைப் பயணத்தில் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருவாள். அப்பா பெர்சிக்கு மறதி நோய். பார்த்துக்கொள்ளும் பெண் கிளம்பிய பிறகு, ரோவீனா வந்து சேரும்வரை வீட்டில் அவர் தனி. தட்டை வயல்களுக்கு அப்பால் ஈலி பேராலயக் கோபுரம் தெரிந்தால்தான் அவளுக்கு மூச்சே வரும்.

அன்று கோபுரம் தெரிந்தது. ரயில் நின்றுவிட்டது. வெளியே மழை.

"ஈலி ஸ்டேஷன் பக்கத்துல, தண்டவாளத்துல யாரோ இருக்காங்க. தாமதத்துக்கு மன்னிக்கணும்" என்றது ஒலிபெருக்கி.

பெட்டியே 'உச்' கொட்டியது. ரோவீனாவும்தான் கொட்டினாள். அடுத்த நொடி அவள் பையில் போனைத் தேடினாள். ஸ்டேஷனுக்கு அடுத்த தெருதான் அவள் வீடு. அப்பாவுக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"இன்னிக்குன்னு பார்த்துதான் இவனுக்குச் சாகத் தோணணுமா? சாப்பாடு ஆறிப்போகும்" என்றான் பின்னால் ஒருவன்.

"வாயை மூடுங்க!" ரோவீனா கத்திவிட்டாள். "அது எங்கப்பாவா இருக்கலாம்."

சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பச்சை ஸ்கார்ஃப் மனிதர்தான் முன்னால் குனிந்தார்.

"அழாதீங்க. என் பொண்டாட்டி ஸ்டேஷன்லதான் காரோட நிக்கிறா, பார்க்கச் சொல்றேன். உங்கப்பா எப்படி இருப்பாரு?"

உயரம், வெள்ளைத் தாடி என்று மட்டும் சொன்னாள். அவர் மனைவியிடம் போனில் பேசிவிட்டுக் காத்திருந்தார். ரோவீனா மறுபடியும் வீட்டுக்கு அடித்துப் பார்த்தாள். அப்பாவை அறையில் வைத்துப் பூட்டாமல் போனோமே என்றுகூட நினைத்தாள்.

அவர் போன் அடித்தது. கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"வீட்டுச் செருப்பு... நீலக் கட்டம் போட்டதா?"

"ஆமா." அவள் எழுந்துவிட்டாள்.

"உசுரோட இருக்காரு. மேல தூக்கி பிளாட்ஃபாரத்துல உட்கார வெச்சிருக்காங்க."

ரயில் நகர்ந்து, ஸ்டேஷனில் நின்றதும் ஓடினாள். பெர்சி சொட்டச் சொட்ட நனைந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் குடை, விரிக்காமலே.

"ஏன்ப்பா லைன்ல இறங்குனீங்க?"

"உன் வண்டி வருதான்னு பார்த்தேன் கண்ணு. மழையில நனைஞ்சிடுவியே."

அவள் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"பயப்படாதே. நாளைக்கும் வந்துடுறேன்."