இரவல் சங்கிலி

கொரோனா வந்து தனியறையில் கிடக்கும் எனக்குப் பக்கத்து வீட்டு ராணி தன்னுடைய ஆக்சிமீட்டரை இரவல் தந்திருக்கிறாள். தினமும் காலையில் வீடியோ அழைப்பில் வருகிறாள். இன்று அழைப்பை எடுத்ததும், என்னையறியாமல், ஆக்சிமீட்டர் மாட்டியிருந்த விரலைத்தான் முதலில் நீட்டினேன். நீட்டும்போதே அம்மாவின் கை ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. இரண்டு தாடையும் பணியாரம் போல உப்பி, பள்ளிக்கூடம் போகாமல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தேன். கழுத்தில் தங்கம் போட்டால் வீக்கம் வடியும் என்பார்கள். அம்மாவின் தாலியே மஞ்சள் கயிற்றில்தான் கிடந்தது. எதிர்வீட்டுச் செண்பகம் அத்தையிடம் சங்கிலி கேட்டு வாங்கிவந்தாள். சில்லென்று இறங்கிய அது, என் கழுத்து வியர்வையில், வீக்கத்துக்குப் போட்டிருந்த மஞ்சள் பற்றோடு ஒட்டிக்கொண்டது.

காலையில் அத்தை ஜன்னலோரம் வந்து நிற்பாள். "ஏட்டி, வீக்கம் வத்துதா?"

நான் வாய் திறக்குமுன் அம்மா ஓடிவந்து, என் சட்டைக் கழுத்தைக் கீழே இழுத்துச் சங்கிலியைக் காட்டுவாள். "பத்திரமா கெடக்கு மதினி. குளிக்கையில கூட நான் பக்கத்துலதான் நிக்கேன்."

அத்தை என் முகத்தையே பார்த்துவிட்டுப் போய்விடுவாள். சந்தேகக்காரி என்று இத்தனை வருடமும் அவளை மனதுக்குள் ஏசியிருக்கிறேன்.

திரையில் ராணி முகம் சுளித்தாள். "எக்கா, அந்த விரல எடுங்க. ஒங்க மொகத்தப் பாக்கத்தான கூப்பிட்டேன்."

விரலை எடுத்தேன். முகத்தைக் காட்டத்தான் கூசியது.