சரிவு தேடிப் போகும் கார்: வடக்குப்பட்டிலிருந்து செங்கல்பட்டுக்கு இருபத்தாறு கிலோமீட்டர்

எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதுவதற்காகச் சென்ற ஏப்ரல் மாதம் ஒரு திங்கட்கிழமை செங்கல்பட்டுக்குப் போனேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பள்ளியை விட்ட பெண்கள் நிறையப் பேர் இந்தத் தேர்வை எழுத நினைக்கிறார்கள். எப்படிப் போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று யாரும் சொல்வதில்லை. அதனால் எழுதுகிறேன். நான் அதிகம் பேசாதவள். எழுதினால் கொஞ்சம் பேசுவேன்.

எங்கள் ஊர் வடக்குப்பட்டு. அங்கிருந்து ஒரகடம் கூட்டுரோடு நான்கு கிலோமீட்டர். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் பன்னிரண்டு. அங்கிருந்து செங்கல்பட்டு பத்து. ஒரகடத்தில் காலை ஏழு பத்துக்கு நேராகச் செங்கல்பட்டு போகும் பஸ் இருக்கிறது. கட்டணம் ஒரு ரூபாய் அறுபது பைசா. எட்டேகாலுக்கெல்லாம் இறங்கிவிடலாம். தேர்வு பத்து மணிக்கு. பத்தரை வரை உள்ளே விடுவார்கள், அதற்குமேல் வாசல் கதவைப் பூட்டிவிடுவார்கள்.

நான் அந்த பஸ்ஸில் போகவில்லை. எங்களிடம் கார் இருக்கிறது.

காரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது. ரோட்டோரம் இருந்த எங்கள் நிலத்தை ஒரு கம்பெனிக்கு விற்றபோது, அந்தப் பணத்தில் அப்பா அதை வாங்கினார். யாரோ ஒரு டாக்டர் வைத்திருந்த வெளிநாட்டுக் கார். மேலே பால் நிறம், கீழே மாதுளம்பழச் சிவப்பு. முன்னால் வெள்ளிப் பல்வரிசை மாதிரி ஒரு கம்பி. ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் அப்படி ஒரு கார் கிடையாது, அது உண்மை. அழகான கார், அதுவும் உண்மை. ஆனால் சாவியைத் திருப்பினால் செல்ப் எடுக்காது. வாங்கிய மூன்றாம் வாரமே நின்றுவிட்டது. ஐந்து மெக்கானிக்குகள் பார்த்தார்கள், ஐந்து பேரும் முதலில் கண்ணாடியில் தலைசீவிக்கொண்டார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

அதனால் கார் சரிவில்தான் நிற்க வேண்டும். சரிவில் உருட்டி, இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சை விட்டால் உறுமிக்கொண்டு கிளம்பும். எங்கள் ஊரோ தட்டு மாதிரி தட்டையான ஊர். ஏரிக்கரையில் மாட்டுவண்டி ஏறும் பாதை ஒன்றுதான் சரிவு. கார் ராத்திரி பகல் அங்கேதான் நிற்கும். சரிவு இல்லாத இடத்தில் நின்றால் ஆள் தள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்.

நான் பள்ளியை விட்டதும் இதனால்தான். சிங்கப்பெருமாள் கோவிலில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன், பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். கார் வந்த பிறகு அப்பா பஸ்ஸை நிறுத்தினார். "கார் வெச்சிக்கிற வூட்டுப் பொண்ணு பஸ்ல தொங்கிக்கினு போனா ஊர்ல இன்னா பேசுவானுங்க?" என்றார். காரில் போனேன். பதினொரு மணிக்குப் போனேன், பன்னிரண்டு மணிக்குப் போனேன், பல நாள் ஏரிக்கரையிலிருந்தே திரும்பி வந்தேன். வருகைப் பதிவு போதாது என்று ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் பெயரை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு மூன்று வருடமாகக் காரைத் தள்ளிக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

இப்போது சிஸ்டர்கள் நடத்தும் ஓர் ஆஸ்பத்திரியில் உதவியாளர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். எட்டாவது பாஸாகியிருக்க வேண்டும், வயது பதினேழு தாண்டக்கூடாது. எனக்குப் பதினாறு முடிந்து நான்கு மாதம். இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான்.

அன்று காலை ஐந்தரைக்கே நான் தயார். அம்மா புளிசாதம் கட்டிக்கொடுத்தாள். கைக்குட்டையில் இரண்டு ரூபாய் நோட்டை முடிந்து, "எதுக்கும் இருக்கட்டும், அப்பாகிட்ட சொல்லாத" என்றாள். நான் பஸ்ஸில் போகிறேன் என்று முந்தின நாளே வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். வெளியே வரவில்லை. அப்பா ஏரிக்கரையில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆறு மணிக்குத் துடைக்க ஆரம்பித்தார், ஏழே காலுக்கு முடித்தார். ஏழு பத்து பஸ் போய்விட்டது. ஹால் டிக்கெட்டை என் கையிலிருந்து வாங்கி, முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் மாதா படத்துக்குப் பின்னால் செருகினார். "மாதா பாத்துப்பாங்க" என்றார்.

"அந்தக் காருக்குத்தான் உங்கப்பா தாலி கட்டியிருக்கணும்" என்றாள் அம்மா, எங்கள் இருவருக்கும் கேட்கிற மாதிரி.

ஏழு நாற்பதுக்குச் சரிவில் உருட்டினோம். முதல் உருட்டிலேயே பிடித்துக்கொண்டது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். எட்டு மணிக்கு ஒரகடம் கூட்டுரோடு வந்துவிட்டோம். அப்படியே போயிருந்தால் ஒன்பதுக்குள் செங்கல்பட்டு. ஆனால் டீக்கடை வாசலில் துலுக்கானம் மாமா நின்றிருந்தார். அவர் மகனுக்கு அடுத்த வாரம் கல்யாணம். கையைக் காட்டினார். யாராவது காரைக் கேட்டால் அப்பாவால் நிற்காமல் போக முடியாது.

"இன்னா அந்தோணி, ஞாயித்துக்கெழம மாப்ள அழைப்பு. வண்டி நம்புளுக்குத்தான், சொல்லிட்டேன்."

"உனுக்கு இல்லாததா? பூ மட்டும் நீ பாத்துக்க."

மாப்பிள்ளை அழைப்புக்கு அதைவிட நல்ல கார் கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேளத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்தால் போதும். நின்றால் தள்ளுவதற்கு ஐம்பது பேர் இருப்பார்கள்.

பூவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது இன்ஜின் நின்றுவிட்டது. கூட்டுரோடு தட்டை. டீக்கடையில் பதினைந்து ஆண்கள். நான் இறங்கினேன். தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, பின்பக்கம் கையை வைத்தேன். இரண்டு பேர் கிளாஸை வைத்துவிட்டு வந்தார்கள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொண்ணு சோக்கா தள்ளுதே அந்தோணி! எதுனா லாரிக்காரனுக்குக் கட்டிக் குடுத்துடு, அவனுக்கும் ஒத்தாசயா இருக்கும்" என்றார் துலுக்கானம் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அப்பா சிரித்ததைத்தான் நான் மறக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தள்ளும்போது கார் பிடித்துக்கொண்டால் ஓட்டுகிறவர் நிற்க மாட்டார், நிற்கவும் முடியாது. தள்ளினவர்தான் பக்கத்தில் ஓடிப்போய்க் கதவைத் திறந்து ஏறிக்கொள்ள வேண்டும். அதை நான் மூன்று வருடத்தில் நன்றாகக் கற்றிருந்தேன்.

எட்டரைக்குக் கிளம்பினோம். ஆறு கிலோமீட்டர் போனதும் ரேடியேட்டர் கொதித்தது. அப்பா இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார், நான் ரோட்டோரக் கழனிக் கிணற்றிலிருந்து வாளியில் நான்கு நடை தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். அதற்கு இருபத்தைந்து நிமிஷம். ஒன்பது இருபதுக்குச் சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டுக்கு வந்தோம். கேட் மூடியிருந்தது. முன்னால் நான்கு லாரி, ஒரு மாட்டுவண்டி. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, பிறகு இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

ஒன்பது முப்பத்திரண்டுக்குக் கேட் திறந்தது. முன்னால் இருந்தவர்கள் போய்விட்டார்கள். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். சைக்கிளில் வந்த இரண்டு பேர் இறங்கி என்னோடு தள்ளினார்கள். தண்டவாளத்துக்கு முப்பது அடி முன்னால் பிடித்துக்கொண்டது. நான் கதவுக்கு ஓடினேன். செருப்பு வார் அறுந்து, முழங்கால் தரையில் பட்டது. எழுந்து பார்த்தபோது கார் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டது. பின்னால் இருந்த வண்டிகளும் தாண்டின. மணி அடித்தது.

"ஏ பொண்ணு! நில்லு அங்கியே! இன்னொரு வண்டி வருது!" என்று கேட்காரர் கத்தினார். கேட் என் முகத்துக்கு முன்னால் இறங்கியது.

என் ஹால் டிக்கெட் மாதாவுக்குப் பின்னால், காரோடு, அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அந்த ரயில் வருவதற்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. அதுவரை அழவில்லை. கோபம் வந்தால் எனக்கு அழுகை வராது, காது சூடாகும். கேட் திறந்ததும் வெறுங்காலோடு பெரிய ரோடு வரை நடந்தேன். கார் இல்லை. அப்பா எங்கே போயிருப்பார் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கே சரிவு இருக்கிறதோ அங்கே. செங்கல்பட்டுப் பக்கம் அரைக் கிலோமீட்டரில் ஒரு வாய்க்கால் பாலம் இருக்கிறது. அதை நோக்கி நடந்தேன்.

கார் பாலத்தில் இல்லை, பாலத்தைத் தாண்டித் தட்டையான இடத்தில் நின்றது. சுற்றிலும் ஆறேழு பேர். அப்பா முன்கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டே டாக்டர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.

"வந்துட்டியா மேரி? சூடு தணியட்டும்னு பாலத்து மேல அணைச்சேன். இவங்க ஓட்டிக் காட்ட சொன்னாங்க, உருட்டுனேன், புடிக்கல" என்றார்.

சரிவைச் செலவழித்துவிட்டார். எனக்காக வைத்திருந்த ஒரே சரிவை, யார் என்றே தெரியாத ஆட்களுக்குக் காட்டுவதற்காகச் செலவழித்துவிட்டார்.

"ஒரு கை புடிம்மா, மேல ஏத்திட்டா..." என்றார்.

நான் முன்கதவைத் திறந்தேன். மாதா படத்துக்குப் பின்னாலிருந்து ஹால் டிக்கெட்டை உருவினேன். பேனாவை எடுத்தேன், சாப்பாட்டுப் பையை எடுத்தேன், கதவை ஓங்கிச் சாத்தினேன். அந்தக் கதவை அப்படிச் சாத்த யாருக்கும் அனுமதி கிடையாது. ரோட்டில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. அதற்கு முன் என் வாழ்நாளில் நான் நடுரோட்டில் நின்று எதையும் நிறுத்தியதில்லை. இரண்டு கையையும் தூக்கினேன்.

"ஸ்டாப்பிங் இல்லாத எடத்துல இன்னாமா?" என்று கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கேட்டார். பிறகு காரைப் பார்த்தார். "அம்மாம் பெரிய கார வுட்டுட்டு இதுல ஏர்ற?"

"அது ஓடாதுங்க" என்றேன். பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். அப்பாவுக்கும் கேட்டிருக்கும்.

கட்டணம் எழுபத்தைந்து பைசா. அம்மா கொடுத்த நோட்டைக் கொடுத்தேன். பத்து இருபத்துநான்குக்குச் செங்கல்பட்டு. பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கு நடந்தால் எட்டு நிமிஷம், ஓடினால் நான்கு. காவலாளி சங்கிலியைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். என் காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார், "போ, போ" என்றார். விடைத்தாளின் முதல் பக்கத்தில் என் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புக் கறை விழுந்தது. அது மை இல்லை, காரின் அழுக்கு. மேற்பார்வைக்கு வந்த டீச்சர் கேட்டபோது, "கழுவ நேரமில்லைங்க டீச்சர்" என்றேன்.

பகல் ஒரு மணிக்கு வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் கார் நிற்கிறது. யார் யாரோ தள்ளிக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். தேர்வெழுதிய பெண்கள் சுற்றி நின்று கண்ணாடியில் முகம் பார்த்தார்கள். "உங்க காரா? குடுத்து வெச்சவ நீ" என்றாள் ஒருத்தி.

"நல்லா எழுதினியா? வா, ரெண்டு பேர சொல்லி வெச்சிக்கிறேன். நீயும் ஒரு கை குடுத்தா கெளம்பிடும்" என்றார் அப்பா.

"நான் பஸ்ல வரேன்பா."

"கார வெச்சிக்கினு பஸ்லயா? ஊர்ல இன்னா..."

"ஊர்ல எதுனா பேசட்டும். இந்தக் காராலதான் நான் எட்டாவதுல நின்னேன். நீ ஒரு நாளாவது ஸ்கூல்ல போயி கேட்டியா, எம்பேர ஏன் எடுத்தாங்கன்னு?"

அப்பா துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த இடத்தையே துடைத்தார். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். அவர் வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். மீதி நாள் தேர்வுகளுக்கு நான் அவரைக் கேட்கவில்லை, ஏழு பத்து பஸ்ஸில் போனேன்.

போகிறவர்களுக்கு: ஏழு பத்து பஸ்ஸில் ஒரகடத்திலேயே உட்கார இடம் கிடைக்கும். அதை விட்டால் அடுத்தது எட்டு ஐம்பது, அதை நம்பாதீர்கள், ரயில்வே கேட்டில் அரை மணி போய்விடும். பள்ளி வாசலில் குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறது, கழிப்பறை பூட்டியிருக்கும், பஸ் ஸ்டாண்டிலேயே போய்விடுங்கள். செருப்பைத் தைத்துப் போட்டுக்கொண்டு போங்கள். ஹால் டிக்கெட் உங்கள் கையில் இருக்கட்டும், அப்பா கேட்டாலும் கொடுக்காதீர்கள். வீட்டில் கார் இருந்தால் அது ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அழகாக இருக்கிறதா என்று ஊரே பார்த்துச் சொல்லும்.

நான் பாஸாகிவிட்டேன். சான்றிதழ் வாங்க அப்பா கையெழுத்து வேண்டும் என்றார்கள். துலுக்கானம் மாமா மகன் கல்யாணத்தில் கட்டிய பூ முன்கம்பியிலேயே காய்ந்திருக்க, கார் ஏரிக்கரையில் நின்றது. அப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னோடு கூட்டுரோட்டுக்கு நடந்தார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சிங்கப்பெருமாள் கோவிலில் கேட் மூடியிருந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போய் டீ குடித்தார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ரயில் போனது, கேட் திறந்தது. டிரைவர் நிதானமாக வந்து ஏறி, சாவியை ஒரே ஒரு தடவை திருப்பினார். தட்டையான ரோட்டில், யாரும் தள்ளாமல், பஸ் கிளம்பியது. அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குப் பாவமாக இல்லை. இரண்டு டிக்கெட்டும் என் கையில் இருந்தன.