எங்கள் ஜீப் நேராக நின்ற நாள்

ஜீப்புக்கு அடியில் சாக்கை விரித்து என் மகள் படுத்திருந்தாள். வெளியே தெரிந்தது கொலுசு போட்ட கால்கள் மட்டும்தான். தெருவே நின்று பார்த்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நாலு பேர் முன்னால் நிற்பதென்றால் எனக்குக் கை கால் ஓடாது.

தொண்ணூறுகளில் நடந்தது இது. மருமகன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனபோது, மணிமுத்தாறு மலைக்கு அவர் ஓட்டிய ஜீப்பை விற்றுவிடச் சொன்னார். மகள் கேட்கவில்லை. "நானே ஓட்டுதேன்" என்றாள். பழகினாள், லைசென்ஸும் எடுத்தாள். ஜீப் ஸ்டாண்டின் தலைவரை எல்லாரும் அண்ணாச்சி என்போம். அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "ஆள் நிறைய ஏத்தி, மேல தேயிலைத் தோட்டம் வரைக்கும் போயிட்டு வந்து காட்டு. வளைவுல வண்டி ஆடாம வந்தா வரிசையில இடம் உண்டு. இல்லன்னா வித்துப்போடு."

மலைப்பாதையில் கல் வண்டியின் அடியில் இடிக்கும். அதனால் பட்டறையில், சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தாங்கும் வில்லுப்பட்டைகளைக் கூட்டி, வண்டியை உயர்த்திக் கட்டினாள். உயர்த்தியதும் வேறு தொல்லை வந்தது. பின்பக்கம் அடியில் குறுக்காக ஒரு கம்பி இருக்கும். வளைவில் வண்டியைச் சாய விடாமல் பிடிப்பது அதுதான். அதை வண்டியோடு இணைக்க, முனைக்கு ஒன்றாக இரண்டு சின்னத் தண்டுகள் உண்டு. வண்டி உயர்ந்ததும் அந்தத் தண்டுகள் எட்டாமல் கம்பியை இழுத்துப் பிடித்தன. பள்ளத்தில் இறங்கினால் டொக்கு டொக்கென்று அடித்தது.

மரையைத் திருகி நீளத்தைக் கூட்டலாம் குறைக்கலாம் என்கிற மாதிரித் தண்டுகள் செய்து வாங்கி வந்தாள். "ஜாக்கியில தூக்கி வச்சு மாட்டாத. சக்கரம் தரையில நிக்கணும், ஆள் ஏறி உக்காந்திருக்கணும். அப்பத்தான் சரியான அளவு தெரியும்" என்று பட்டறைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆளுக்கா எங்கள் தெருவில் பஞ்சம்? பெண்கள் பீடி சுற்றும் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஏறினார்கள். டீக்கடையில் இருந்த ஆண்கள் சிலர் ஏறினார்கள். என்னையும் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார்கள். மகள் அடியில் படுத்து அளந்து மாட்டினாள். எல்லாரும் இறங்கினோம். ஆள் இல்லாத ஜீப் இடப்பக்கம் சாய்ந்தே நின்றது.

"என்ன வே, வண்டி இடுப்புப் பிடிச்ச கிழவி மாதிரில்லா நிக்கு!" என்றார் டீக்கடைக்காரர்.

"கொலுசு போட்டவ மாட்டுனா அப்படித்தான் நிக்கும்" என்றார் இன்னொருவர். ஆண்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

மகள் தண்டுகளைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ஒண்ணு கட்டை, ஒண்ணு நெட்டை. நான் அளந்தது தப்பில்லையே யம்மா" என்றாள். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி வந்து சேர்ந்தார். மலைக்குக் கூட வருவதற்காக வந்தவர்.

"இன்னும் ஒரு தடவை ஏறுங்க" என்றாள் மகள். அண்ணாச்சியும் ஏறினார். அடியில் போகக் குனிந்தவள், நின்று உள்ளே எங்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

இடப்பக்கத்துப் பெஞ்சில் பெண்கள் நாங்கள் மடிமேல் மடியாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். வலப்பக்கத்தில் ஆண்கள் காலை அகட்டி, காற்றோட்டமாக இருந்தார்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. பஸ்ஸானாலும் பந்தியானாலும் எங்கள் பக்கம் அப்படித்தான்.

"கனமெல்லாம் இந்தப் பக்கம்! சாஞ்ச வண்டிக்குல்லா நான் அளவெடுத்திருக்கேன்! பொம்பளையள்ல பாதிப் பேரு அந்தப் பக்கம் போங்க. ஆம்பளையள் கொஞ்சம் பேரு இங்கன வாங்க."

ஒருத்தரும் அசையவில்லை.

"ஏட்டி, அங்கன போய் யாரு மடியில உக்காரச் சொல்லுத?" என்று ஒருத்தி கேட்டாள். ஒரே சிரிப்பு. "என் வீட்டுக்காரரு பக்கத்துலயே நான் பஸ்ஸுல உக்காந்ததில்ல" என்றாள் அடுத்தவள். ஆண்கள் மேலே தார்ப்பாயைப் பார்த்தார்கள்.

"நேரமாவுது" என்றார் அண்ணாச்சி. மகள் முகத்தில் இருந்த சிரிப்பு பைய இறங்கியது. கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

நான் எழுந்தேன். சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குனிந்து, எதிர்ப் பெஞ்சுக்குப் போனேன். இடம் இருந்தது அண்ணாச்சி பக்கத்தில்தான். அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்தார். "வாங்க மைனி, நல்லா உக்காருங்க" என்றார். காது இரண்டும் கொதித்தது. ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏளா, அத்தையே போயிட்டாவ!" என்றாள் முதலில் மடியைப் பற்றிக் கேட்டவள். அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஆண்களும் மாறினார்கள்.

மகள் அடியில் போனாள். ஸ்பேனர் திருகும் சத்தம் என் காலுக்குக் கீழேயே கேட்டது. இந்தத் தடவை இரண்டு தண்டும் ஒரே நீளம். கம்பி மட்டமாகப் படுத்தது. எல்லாரையும் இறக்கிவிட்டுப் பார்த்தோம். நிறை குடத்தை மேலே வைத்தாலும் தளும்பாது, அவ்வளவு நேராக நின்றது வண்டி. டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவப் போய்விட்டார்.

மாறிய இடத்திலேயே ஏறி மலைக்குப் போனோம். ஒரு பக்கம் பள்ளம். கொண்டை ஊசி வளைவில் ஜீப் லேசாகச் சாய்ந்து, உடனே நிமிர்ந்துகொண்டது. டொக்கென்று ஒரு சத்தம் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் மகளின் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். கிரீஸ் அப்பிய கைதான். வளைவுக்கு வளைவு அலட்டாமல் திருப்பினாள். நான் பெற்ற பிள்ளை என்று அங்கே கத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

மேலே போனதும் அண்ணாச்சி வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். "நாளையில இருந்து வரிசையில நிறுத்து தாயி" என்றார்.

திரும்பும்போது மகள் முன்சீட்டைத் தட்டிக் கூப்பிட்டாள். "யம்மா, சிரமப்படாத. இங்கன முன்னால வந்து உக்காரு."

"வேண்டாம்ட்டி. நான் எந்திரிச்சா வண்டி சாஞ்சிரும்" என்றேன், பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி.