அக்கா சொல்லாமல் விட்ட குறை

அக்கா, உன்னை நான் ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கேயும் கூப்பிடப் போவதில்லை. அக்கா என்றால் எனக்கு நீ ஒருத்திதான்.

எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. உன்னை அடக்கம் செய்த அன்றைக்கு ஆரம்பித்தது. கல்லறையில் என் கையைப் பிடித்தவர்கள் எல்லாரும் ஒன்றையேதான் சொன்னார்கள். "அமைதியா போய்ட்டாம்மா." யார் சொன்னது இவர்களுக்கு? பக்கத்தில் இருந்தவள் நான். நீ அமைதியாகப் போகவில்லை. தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டாய். நர்ஸைத் திட்டினாய். "எனக்கு இன்னும் வயசே ஆவலடி" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். அந்தச் சட்டையை நான் இன்னும் துவைக்கவில்லை.

அதற்குப் பிறகு உன் வாசகர் வட்டம். அங்கே நடந்ததைத்தான் எழுத வந்தேன். தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும், கடல் பாலத்தைத் தாண்டி, தீவில் இருக்கும் சூலியா தெருவில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நீங்கள் கூடுவீர்கள். இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துவிட்டுத் தமிழில் பேசுவீர்கள். இந்த வருஷம் முழுக்கக் கனடாப் புத்தகம். கதைப் புத்தகம் ஒன்று, சொந்த வாழ்க்கையை எழுதிய புத்தகம் ஒன்று என்று மாறி மாறி வரும். காரணம் வட்டத்தில் இருக்கும் ஒரு ஆன்ட்டி. மகன் கனடாவில் குடியேறிவிட்டான். லீவுக்கு வரும்போது ஒரு பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுவருவான். முதுகுக்குப் பின்னால் நாம் அவரை 'கனடா ஆன்ட்டி' என்றுதான் சொல்வோம். புத்தகத்தைக் குறை சொன்னால் மகனைக் குறை சொன்ன மாதிரி அவர் முகம் சுருங்கும்.

நான் பள்ளிக்கூடத்தை மூன்றாம் படிவத்தோடு நிறுத்தியவள். பிறை ஊரில் ஃபேக்டரி வேலை. அந்தப் புத்தகங்களில் ஒரு பக்கம்கூட நான் படித்ததில்லை. ஆனால் எல்லாக் கதையும் எனக்குத் தெரியும். பாலம் தாண்டும்போது நான் காடி ஓட்டுவேன், நீ பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவாய். பனி எப்படி இருக்கும் என்று ஒரு தடவை கேட்டேன்.

"நம்ம பழைய ஃபிரிட்ஜுல மேல கட்டிக்குமே, கரண்டியால சொரண்டுவோமே, அதாண்டி."

"அது மேலயா நடக்குறாங்க?"

"நடக்குறது என்னா, அது மேல சண்டையே போடுறாங்க."

பனி அள்ளும் லாரி ஓட்டுகிற ஒருவன் கதை உனக்கு ரொம்பப் பிடித்தது. செத்துப்போன அம்மாவின் வீட்டுக்காக அவனும் அவன் தங்கையும் அடித்துக்கொள்வார்கள். "நம்ம பட்டர்வொர்த்துல நடந்த மாதிரியே இருக்கு" என்று சிரித்தாய். நான் ஒரு வாரம் அந்தத் தங்கை பக்கம் நின்று உன்னோடு வாதாடினேன்.

உங்கள் வட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. முன்பு எப்போதோ இரண்டு பேர் ஒரு புத்தகத்துக்காகச் சண்டை போட்டு, வட்டத்தை விட்டே போய்விட்டார்களாம். அதனால் வட்டத்தை நடத்தும் அண்ணன் ஒரு முறை வைத்தார். முதலில் நல்லது சுற்று. எல்லாரும் நல்லதை மட்டும் சொல்ல வேண்டும். பிறகு தேநீர், உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப். அதற்கு அப்புறம்தான் குறைச் சுற்று. வயிறு நிறைந்தால் வாய் கொஞ்சம் மெதுவாகப் பேசும் என்பது அவர் கணக்கு.

நீ கடைசியாகப் போன கூட்டத்துக்கு வந்த புத்தகம் ஒரு பெண் தன் புருஷனைப் பற்றி எழுதியது. புருஷனுக்கு உன் வியாதிதான். இருவரும் ஏரிக்கரையில் ஒரு மரவீட்டுக்குப் போகிறார்கள். ஏரி உறைகிறது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே சிரித்த முகமாகச் செத்துப்போகிறார். அவள் வானத்தைப் பார்க்கிறாள். முடிந்தது. நீ அதைச் சுவரில் விட்டெறிந்தாய். நான்தான் பொறுக்கி எடுத்து அட்டையை ஒட்டினேன்.

அன்றைக்குக் காடியில் பாலம் முழுக்க உன் குறையை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாய். நான் கீழே சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். நல்லது சுற்று முடிந்து, தேநீர் ஊற்றும் நேரத்தில் உன் போன் வந்தது. "மேல வா, முடியலடி." படியில் உன்னைத் தாங்கித்தான் இறக்கினேன். நேராக ஆஸ்பத்திரி. வழியில் வலியிலும் உனக்கு அதே பேச்சு. "நல்லதை மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன். என் குறையச் சொல்லவே இல்ல." அதற்குப் பிறகு நீ அந்தப் படி ஏறவில்லை.

போன ஞாயிறு உனக்காக ஒரு கூட்டம் வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். மேசையில் உன் படம், மெழுகுவர்த்தி, பக்கத்தில் அந்தப் புத்தகம். அதே புத்தகம்! எனக்கு வந்தது துக்கம் இல்லை, ஆத்திரம். அண்ணன் எழுந்து, நீ அன்றைக்குச் சொன்ன நல்லதை எடுத்துச் சொன்னார். ஏரியை அழகாக எழுதியிருக்கிறார், பொறுமையாக எழுதியிருக்கிறார், அவ்வளவுதான் நீ சொன்னது. அவர் மேலே சேர்த்துக்கொண்டார். இந்தப் புத்தகம்தான் உனக்குத் தைரியம் கொடுத்ததாம். அந்தப் புருஷன் மாதிரியே நீயும் அமைதியாகப் போனாயாம். ஆன்ட்டி மூக்கைச் சிந்தினார்.

"இன்னைக்குக் குறைச் சுத்து வேணாம்லா" என்றார் அண்ணன். "இன்னைக்கு அவங்க நாளு."

நான் எழுந்துவிட்டேன். "அவ நாளுன்னா அவ குறையச் சொல்லியே ஆவணும்ணே. அவ சொல்லாம போய்ட்டா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆன்ட்டி மெதுவாகக் கேட்டார், "நீ அத படிச்சியாம்மா?"

"படிக்கல ஆன்ட்டி. அக்கா படிச்சா, எனக்குச் சொன்னா. அந்த வீட்டுல யாரும் ஒரு பெட்ஷீட்கூட தொவைக்கலயாம். வாந்தி எடுக்கலயாம். அந்தாளு பொண்டாட்டிய ஒரு தடவகூட திட்டலயாம். சாவப் போறவனுக்குக் கோபமே வராதான்னு கேட்டா. இதப் படிச்சிட்டு எல்லாரும் என்கிட்டயும் சிரிச்ச மூஞ்சியத்தான் எதிர்பாப்பாங்கன்னு சொன்னா. இந்தா, எதிர்பாத்துட்டீங்க."

என் குரல் எகிறிவிட்டது.

ஆன்ட்டி அழுவார் என்று நினைத்தேன். அவருக்கும் கோபம் வந்தது. "ஏம்மா, அந்தப் பொம்பள எழுதுனது அவ புருஷனப் பத்தி. அவரு அப்படித்தான் போனாரு. அதுக்கு அவ என்னா செய்வா? உங்கக்காவுக்காகப் பொய் எழுதணுமா?"

அக்கா, அங்கேதான் நான் நின்றுபோனேன். பாலத்தில் நீ ஒத்திகை பார்த்தது அதுவரைதான். ஆன்ட்டி இப்படிக் கேட்பார் என்று உனக்குத் தெரிந்திருக்கும், நீ ஒன்று வைத்திருப்பாய், அவர் வாயை மூடியிருப்பாய், இல்லாவிட்டால் தோற்றுவிட்டு வீடு வரை என்னைத் திட்டிக்கொண்டே வந்திருப்பாய். எதையும் சொல்லிவிட்டுப் போகவில்லையே நீ.

"தெரியல ஆன்ட்டி" என்றேன். "அத அக்காதான் சொல்லணும்."

ஆன்ட்டி எழுந்து வந்தார். உன் படத்துக்குப் பக்கத்தில் இருந்த புத்தகத்தை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். கோபத்தில் எடுத்தாரா, என்னைப் புரிந்துகொண்டு எடுத்தாரா, தெரியாது. நான் கேட்கவும் இல்லை. கறிபாப்பைத் தொடாமல் இறங்கி வந்துவிட்டேன். பாலத்தில் பக்கத்து சீட் காலி. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கண்ட புத்தகத்தையும் உன் கையில் கொடுத்த அந்தக் கனடா மேல் கோபம், சிரித்துக்கொண்டே செத்த அந்த ஆள் மேல் கோபம், உன் மேலும்தான்.

வருகிற ஞாயிறு உனக்கு முப்பதாம் நாள் பூசை. ஃபாதரிடமும் சொல்லிவிட்டேன், 'அமைதியாக' என்கிற வார்த்தை வேண்டாம் என்று. இதைப் படிக்கிற நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவர்களாக இருந்தாலும் சரி, என் அக்காவுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். அவள் கோபமாகத்தான் வந்திருக்கிறாள், பாதிப் பேச்சில் வந்திருக்கிறாள் என்று ஆண்டவரிடம் சொல்லுங்கள். மீதியை அவர் உட்கார்ந்து கேட்கட்டும். அதற்காக எல்லாரும் செபம் செய்யுங்கள்.