பலகையில் இல்லாத ஆறு எழுத்து

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, கொழுந்து லொறி ஓட்டும் குணதாச றக்வான மலைப்பாதையில் இருந்து தொழிற்சாலைக்குப் போன் செய்தார். "மாத்தயா, உச்சிப் பங்குல இன்னைக்குக் கொழுந்து இல்ல. பவளக்கொடி அக்கா விடியக்காலம் நெஞ்சு வலியில போயிட்டாங்க" என்றார். கொழுந்து வாட்டும் மாடியில் நின்றிருந்தேன். போனைக் காதிலிருந்து எடுக்கக்கூடத் தோன்றவில்லை. அவரை அறிந்த உங்களிடம் பொய் சொல்லக் கூடாது என்றுதான் இந்த அஞ்சலியை எழுத உட்கார்ந்தேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இனி அந்த விஷயம் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைத்தேன். துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

நான் அந்தத் தொழிற்சாலையின் டீமேக்கர். கொழுந்தைத் தேயிலையாக்குவதும், அதைச் சுவைத்துத் தரம் பார்ப்பதும் என் வேலை. அக்கா எங்களுக்குக் கொழுந்து தந்தவர்களில் ஒருவர். தோட்டத்தில் கவனிப்பாரற்றுக் காடாகிப்போன மலைகளைத் துண்டு போட்டுத் தொழிலாளர்களிடமே வளர்க்கக் கொடுத்தபோது, எல்லோரும் றோட்டோரத்துப் பங்குகளுக்கு முண்டியடித்தார்கள். அக்கா மட்டும் உச்சியில், காட்டை ஒட்டிய மூலையைக் கேட்டு வாங்கினார். மத்தியானத்திலும் பனிமூட்டம் கலையாத இடம் அது. புருஷன் செத்ததில் புத்தி பேதலித்துவிட்டது என்றுகூடச் சிலர் பேசினார்கள். அக்கா சிரித்துக்கொண்டே சொன்ன பதில் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "கீழ வெயிலுக்குக் கொழுந்து திமுதிமுன்னு வந்துரும். அங்க குளுருல மெதுவாத்தான் வரும். மெதுவா வர்றதுலதாங்க வாசம் தங்கும்." முப்பது வருடங்களாக எல்லா மலையிலும் பறித்த கை அது. எந்த மண்ணின் கொழுந்துக்கு என்ன குணம் என்று அந்தக் கைக்குத் தெரியும்.

தராசுக்கு வரும்போதெல்லாம் அவருக்கு ஒரே பேச்சுத்தான். "எங் கொழுந்த மத்ததோட கொட்டிராதீங்கய்யா." எனக்கு அது நச்சரிப்பாக இருந்தது. ஒரு தை மாதம், இவர் வாயை அடைக்கலாம் என்றே அவருடைய கொழுந்தை மட்டும் தனியாக வாட்டி, தனியாக அரைத்தேன். மறுநாள் கோப்பையை வாயில் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் பகுதித் தேயிலை கறுத்துக் கடுத்திருக்கும், பாலுக்குத்தான் லாயக்கு. இது இளஞ்சிவப்பாக, மெல்லிய பூ வாசத்தோடு, விழுங்கிய பிறகும் நாக்கில் இனித்தது. நான் சத்தமாக உறிஞ்சி உறிஞ்சிச் சுவைப்பதை வாசலில் நின்று பார்த்த அக்கா, "எங்க வீட்டுல இப்புடி உறிஞ்சுனா முதுகுல ரெண்டு விழும்யா" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நல்லாருக்கா?" நல்லாருக்கு என்றேன். அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

அந்தத் தேயிலையை ஜப்பானில் ஒரு கடைக்காரர் விரும்பினார். தேயிலை அடைக்கும் பக்கெட்டின் உறையில் போட, அந்த மலையைப் பற்றியும் வளர்த்தவரைப் பற்றியும் நாலு வரி கேட்டார்கள். எழுதும் வேலை என்னிடம் வந்தது. அக்காவிடம் போய், "உங்க பேரப் போடப் போறோம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். "செக்ரோல் பதிவுல காலமெல்லாம் பேரு போட்டாங்க. அதக் கணக்கப்பிள்ளையத் தவிர யாரு படிச்சா? இத முகம் தெரியாத மனுசங்க படிப்பாங்கல்ல?" என்றார். படிப்பார்கள் என்றேன். எழுதியதை முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பெயருக்கு மேல் பேனாவை வைத்து, "இது வேணுமா?" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை, மிரட்டவில்லை. "வேணாம் சார்" என்று சொன்னவன் நான். பெயரை வெட்டிவிட்டு, 'எங்கள் மலைநாட்டுத் தொழிலாளர்கள்' என்று எழுதியவனும் நான். தொழிலாளர் லயத்தில் பிறந்தவன், அம்மா கூடை சுமந்து படிக்கவைத்த பிள்ளை, ஒரு கேள்விக்கே முதுகை வளைத்துவிட்டேன்.

பக்கெட் வந்தது. முழுக்க ஜப்பான் எழுத்து. ஒன்றை வாங்க அக்கா நேரில் வந்தார். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கில் இரண்டு கையையும் துடைத்துவிட்டுத்தான் தொட்டார். "எம் பேரு எங்கங்கய்யா?" உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. என் விரல் தானாகப் போய் பின்பக்கத்தில் ஒரு வரியில் நின்றது. "இதுதாங்க்கா." அவர் விரல் விட்டு எண்ணினார். "தமிழ்ல ஆறு எழுத்துத்தானே? இதுல பத்து இருக்கே?" "ஜப்பான்ல அப்புடித்தாங்க்கா" என்றேன். கையெழுத்துப் போடுவதற்காக வளர்ந்த பிறகு எழுதப் பழகியவர் அவர். தன் பெயரின் ஒவ்வொரு எழுத்தும் அவருக்குக் கணக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் பத்து எழுத்தில் செய்தேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அக்கா அந்த வரியை றக்வான டவுனில் வேன்களுக்குப் பெயர் எழுதும் ஆளிடம் கொடுத்து, தகரப் பலகையில் சிவப்புப் பெயின்டில் எழுதி வாங்கினார். பங்கின் தலைமாட்டில், ஒற்றையடிப் பாதை முடியும் இடத்தில் நட்டார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் காட்டினார். குணதாச லொறியை நிறுத்திவிட்டு ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்லா இருக்கு மாத்தயா" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு அந்த ஜப்பான் கடைக்கார அம்மையார் மலையைப் பார்க்க வந்தார். கூடவே சிங்களம் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளர், எங்கள் முதலாளி, நான். அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு பலகை அருகே காத்திருந்தார். மூச்சு வாங்க ஏறிவந்த அம்மையார் பலகையைப் படித்தார். குழம்பிப்போய் மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார். அவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் பத்திரப்படுத்தவும் என்று எழுதியிருக்கிறதே, இதை ஏன் இங்கே நட்டிருக்கிறார்கள், யார் நட்டது?

அக்காவுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும். அவர் பலகையைப் பார்த்தார். மூட்டத்தில் நனைந்து, தகரத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். முதலாளியும் என்னைப் பார்க்கத் திரும்பினார். அதற்குள் அக்கா சிரித்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னார்: "நான்தான் நட்டேன். எழுத்து அழகா இருந்துச்சு, அதான். படிப்பறிவு இல்லாதவ பாருங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் நான் சிரித்த சிரிப்புகளில் அதைப்போல் கேவலமானது வேறில்லை. கீழே இறங்கும்போது அவர் எனக்குப் பின்னால் வந்தார். என்ன கேட்பாரோ என்று திரும்பாமலே நடந்தேன். "ஐயா, வழுக்குது. பாத்து எறங்குங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதன் பிறகு மேலே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைக்காத வாரம் இல்லை. அடுத்த வாரம், மழை விடட்டும், தைக் கொழுந்து முடியட்டும் என்று எனக்கும் ஒவ்வொரு சாக்குக் கிடைத்தது. அக்காவின் கொழுந்து மட்டும் தவறாமல் வந்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, ஒரு முற்றல் இல்லாமல், தனிப்பையில். பலகையையும் அவர் பிடுங்கவில்லை.

சாவு வீட்டில் அவர் மகள் செல்வி என்னைத் தனியே கூப்பிட்டாள். கொழும்பில் தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "சார், கல்லறையில அம்மா பேரத் தமிழ்ல போடுறோம். கீழ அந்த ஜப்பான் எழுத்துலயும் போடணும். அம்மாவுக்கு அது உசிரு. பலகையில பெயின்ட் உரிஞ்சிருக்கு, பிழையில்லாம எழுதித் தர்றீங்களா?"

ஆக, பெற்ற மகளிடம்கூட அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. இரண்டு வருடங்கள் என் பொய்யை அவர் காவல் காத்திருக்கிறார். குழி வெட்டப் போகிறவர்கள் வெளியே மண்வெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவழியாக எல்லாவற்றையும் சொன்னேன். செல்வி அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"எப்ப இருந்து?"

"ரெண்டு வருசமா."

"அதுக்குப் பொறகும் ஒங்களுக்குக் கொழுந்து குடுத்துச்சா?"

"குடுத்தாங்க."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. எழுந்து வெளியே போனாள். அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, சேறு ஒட்டிய காலோடு அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் சாய்த்தாள். "இது எங்கம்மா பேரு இல்லையே சார். நீங்களே வச்சுக்குங்க."

வைத்திருக்கிறேன். தொழிற்சாலையில், நான் உட்கார்ந்து தேயிலை சுவைக்கும் மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பவர்களிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன், முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். பக்கெட் இன்னும் மாறவில்லை. மாறும்வரை கேட்பேன். அக்காவிடம் இருந்து எனக்கு மிஞ்சியவை இந்தத் தகரமும், வழுக்குது பார்த்து இறங்குங்கள் என்ற அந்தக் குரலும்தான். முகம் தெரியாத மனிதர்கள் தன் பெயரைப் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. இதைப் படிப்பவர்களில் அவரை அறியாத யாராவது இருந்தால், தயவுசெய்து ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

பவளக்கொடி.